'குவெயின்ட்' என்றால் யாருக்குப் பெருமை?

புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் சுற்றுலாக் குறிப்புகளில் 'குவெயின்ட்' (quaint) என்ற சொல் இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சி, தரங்கம்பாடி, குன்னூர் என்று எங்கே போனாலும் அது முன்னாலேயே போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். மஞ்சள் பூசிய சுவர், அதன்மேல் படரும் காகிதப்பூக் கொடி, மரச்சட்டம் போட்ட ஜன்னல், அவசரமே இல்லாத ஒரு காபிக்கடை எல்லாம் சேர்ந்தால் குவெயின்ட். பழசுதான், ஆனால் பார்க்க அழகு. கொஞ்சம் விநோதம், ஆனால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்றைய அகராதிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன.

இந்த அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியரைத் திறந்தால் சிக்கல். 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ தன் ஏவல் ஆவியை 'என் குவெயின்ட் ஏரியல்' என்று கூப்பிடுகிறான். ஏரியல் என்ன ஓட்டு வீடா? நடுக்கடலில் கப்பலைக் கலங்கடித்துவிட்டு, கடல்தேவதை வேடத்தில் அப்போதுதான் வந்து நிற்கிற ஆவி அது. பிராஸ்பெரோ பாராட்டுவது அதன் சாமர்த்தியத்தையும் நேர்த்தியையும். 'மச் அடூ அபௌட் நத்திங்' இன்னும் வேடிக்கை. அதில் கல்யாணப்பெண்ணின் கவுனைத் தோழி புகழ்கிறாள்: மிலான் சீமாட்டியின் உடுப்பு ஆடம்பரம்தான், ஆனால் நேர்த்தியான, குவெயின்டான, எழிலான பாணி என்று பார்த்தால் உன்னுடையது அதைப்போல் பத்து மடங்கு பெறும். அதாவது அன்றைய தேதிக்குப் புத்தம்புது ஃபேஷன். 'பழைய பாணி' என்று இன்று பொருள்படும் சொல், 1600 வாக்கில் தையற்காரரின் சமீபத்திய கைவேலைக்குக் கொடுத்த சான்றிதழாக இருந்திருக்கிறது.

சொற்கள் அர்த்தம் மாறுவது அதிசயமில்லை. நறுமணத்தைக் குறித்த நம்முடைய 'நாற்றம்' எங்கே வந்து நிற்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். குவெயின்டின் கதையில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறு. அந்தச் சொல் முதலில் ஒரு பொருளைச் செய்தவரைப் பற்றிப் பேசியது. இப்போது அதைப் பார்க்கிறவரைப் பற்றிப் பேசுகிறது. நடுவில் கிட்டத்தட்ட 600 ஆண்டுகள்.

மூலம் லத்தீன். 'காக்னோஸ்கெரே' என்றால் அறிதல், 'காக்னிட்டுஸ்' என்றால் அறியப்பட்டது. பழைய பிரெஞ்சில் இது தேய்ந்து 'கொயிந்த்' ஆனது. விஷயம் தெரிந்தவன், கைதேர்ந்தவன், நேர்த்தியாக உடுத்தியவன் என்று பொருள் விரிந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதுவும் ஆங்கில எழுத்தில் தென்படுகிறது, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலோடு. 'அக்வெயின்ட்', அதாவது அறிமுகப்படுத்து என்ற வினைச்சொல், இதன் கூடப்பிறந்தது. லத்தீனின் அந்த அறிதல் வேரும் சமஸ்கிருதத்தின் 'ஞா' வேரும் ஒரே மூலத்தில் இருந்து பிரிந்தவை என்பது மொழியியலில் வெகுகாலமாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். ஆக, நாம் கடன் வாங்கிய ஞானமும் விஞ்ஞானமும் இந்தக் குவெயின்டுக்குத் தூரத்துப் பங்காளிகள். புதுச்சேரி ஓட்டல்காரர்கள் இதை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிராக நடந்தது 'அன்கூத்' என்ற சொல்லின் கதை. பழைய ஆங்கிலத்தில் 'கூத்' என்றால் அறிந்தது. 'அன்' சேர்ந்தால் அறியாதது. அறியாதது விநோதமாகப் பட்டது, விநோதம் முரட்டுத்தனமாகப் பட்டது. இன்று அன்கூத் என்றால் நாகரிகம் தெரியாத ஆள். 'அறிந்தது' என்ற பொருளில் கிளம்பிய சொல் விநோதத்தில் போய் முடிய, 'அறியாதது' என்று கிளம்பிய சொல் அநாகரிகத்தில் போய் முடிந்திருக்கிறது. மொழியில் நியாயம் எதிர்பார்க்கக்கூடாது.

13, 14ஆம் நூற்றாண்டுகளில் குவெயின்ட் என்று மனிதரையும் சொன்னார்கள், பொருளையும் சொன்னார்கள். மனிதரைச் சொன்னால் சூட்சுமம் தெரிந்தவர். பொருளைச் சொன்னால் மூளையைச் செலவழித்து நுணுக்கமாகச் செய்யப்பட்டது: ஒரு மோதிரம், ஒரு கோட்டை, ஒரு சூழ்ச்சி. நல்லதும் கெட்டதும் அதற்குள்ளேயே இருந்தன. அறிவைக் குறிக்கும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் இது வழக்கமான கதிதான். 'கன்னிங்' என்றால் முன்பு அறிவும் திறமையும், இன்று நரித்தனம். 'கிராஃப்டி' கைத்தொழிலில் கெட்டிக்காரன், இன்று தந்திரக்காரன். 'ஸ்லை'யும் அப்படியே. நம் ஊரிலும் 'அவன் விவரமான ஆள்' என்று சொல்லும்போது எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று காதைக் கூர்மையாக்கித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 'கைகாரன்' என்றால் கேட்கவே வேண்டாம். கூடுதலாகத் தெரிந்தவன்மேல் குறைவாகத் தெரிந்தவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சாசர் இந்தச் சொல்லை வைத்து ஆடிய விளையாட்டு பிரபலம். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் எழுதிய 'கேன்டர்பரி டேல்ஸ்' தொகுப்பில் மில்லர் சொல்லும் கதை. ஒரு தச்சனின் வீட்டில் தங்கிப் படிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் நிக்கலஸ், தச்சனின் இளம் மனைவிமேல் கண் வைக்கிறான். படித்த பையன்கள் சூட்சுமக்காரர்கள், குவெயின்டானவர்கள் என்று ஒரு வரி முடிகிறது. அடுத்த வரியில் அவன் அவளைப் பிடிக்கிறான். எங்கே பிடித்தான் என்பதற்கும் அதே சொல்லைப் போட்டே எதுகையை முடித்துவிடுகிறார் சாசர். பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல்லே இது என்று அறிஞர்கள் வெகுகாலம் அடித்துச் சொல்லிவந்தார்கள். ஹார்வர்டில் சாசர் படைப்புகளைப் பதிப்பித்த லேரி பென்சன் 1980-களில் இதை மறுத்தார்: இது கொச்சையே கிடையாது, 'நேர்த்தியான அது' என்று நாசூக்காகச் சுட்டும் வழக்கு என்றார். நம் இலக்கணத்தில் இதற்கு இடக்கரடக்கல் என்று நல்ல பெயரே இருக்கிறது. பென்சன் சொன்னதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. கொச்சையாகச் சொல்வதைவிட, கொச்சை வந்துவிடும் என்று காத்திருக்கிறவனுக்கு மரியாதையான சொல்லைக் கொடுத்து ஏமாற்றுவதில்தான் சிரிப்பு அதிகம். கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல் இறந்து மூன்றாண்டு கழித்து 1681-இல் அச்சான அவருடைய காதல் கவிதையில் காதலியின் 'குவெயின்ட் கௌரவம்' மண்ணாகிப்போகும் என்று ஒரு வரி வருகிறது. அங்கேயும் இந்த இரட்டை அர்த்தம் உண்டா என்ற வாதம் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இன்னும் ஓயவில்லை.

அப்புறம்தான் முக்கியமான திருப்பம். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில எழுத்தாளர்களுக்கு நேராக ஒரு வாக்கியம் எழுதுவது கை வராது. உவமைக்குள் உவமை, சிலேடைக்குள் சிலேடை, லத்தீன் மேற்கோள், இறையியல் நுணுக்கம் என்று இழைத்து இழைத்து எழுதுவார்கள். அவர்கள் காலத்தில் அது குவெயின்ட், அதாவது அறிவாளித்தனம். 18ஆம் நூற்றாண்டில் ருசி மாறியது. தெளிவும் எளிமையும் ஒழுங்கும் உயர்ந்த குணங்களாயின. சாமுவேல் ஜான்சன் அந்தக் கவிஞர்களைப் பற்றி 1779-இல் எழுதியபோது, ஒட்டாத எண்ணங்களை வலுக்கட்டாயமாக ஒன்றாகக் கட்டிப்போடுகிறவர்கள் என்று கண்டித்தார். அவரே 1755-இல் வெளியிட்ட அகராதியில் குவெயின்டுக்குக் கொடுத்த பொருள்களைப் பாருங்கள்: தேவைக்குமேல் துல்லியமானது, சூட்சுமமானது, நேர்த்தியானது, நூலாக இழைத்து யோசித்தது, பகட்டானது. ஐந்திலும் 'பழையது' என்ற பேச்சே இல்லை. ஆனால் 'தேவைக்குமேல்' என்பதிலும் 'பகட்டு' என்பதிலும் ஒரு முகச்சுளிப்பு வந்துவிட்டது.

அந்த முகச்சுளிப்பு புன்னகையாக மாறியதற்கு ஒரே ஆளைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் சார்ல்ஸ் லாம்பைக் காட்டலாம். லண்டன் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் 1792 முதல் 1825 வரை 33 ஆண்டு கணக்கெழுதிய குமாஸ்தா. பகலில் கம்பெனியின் தேயிலை, இண்டிகோ, துணிக் கணக்கு. இரவில் 17ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள். 'எலியா' என்ற புனைபெயரில் 1820-இல் தொடங்கிய கட்டுரைகளில் அந்தப் பழைய எழுத்தாளர்களின் நடையை வேண்டுமென்றே கையில் எடுத்தார். எலியா இறந்துவிட்டதாகவும் நண்பர் ஒருவர் முன்னுரை எழுதுவதாகவும் பாவனை செய்து தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட ஒரு குறிப்பும் உண்டு. தனக்கு ஒட்டாத இயல்பு நடையைப் பாவனை செய்வதைவிட, தனக்குப் பிடித்த குவெயின்ட்தனத்தில் இயல்பாக இருப்பதே மேல் என்று அதில் வாதாடுகிறார். இங்கே சொல் இரண்டு பொருளிலும் ஒரே நேரத்தில் நிற்கிறது. அவர் நடை இழைத்துச் செய்தது, அது பழைய பொருள். அவர் நடை போன நூற்றாண்டுடையது, அது புதிய பொருள். இழைப்பு வேலைகள் எல்லாமே பழையவையாகிப் போனதால், இழைப்பைக் குறித்த சொல்லே பழமையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. 'பழசு, ஆனால் அழகு' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் தலைகாட்டி, 19-இல் மற்ற எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

பழசு அழகாகத் தெரிய வேண்டுமென்றால் புதுசு ஒன்று அதைச் சூழ்ந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் புதுசு நீராவி, நூற்பாலை, புகைக்கூண்டு. அதே காலத்தில்தான் காட்சி பார்க்கப் போவது ஒரு பொழுதுபோக்காக ஆனது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் வை நதிக்கரையில் பயணம் செய்து 1782-இல் வெளியிட்ட நூல், இயற்கையை ஓவியம்போலப் பார்ப்பது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தது. அந்தக் கால உல்லாசப் பயணிகள் 'கிளாட் கண்ணாடி' என்று ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். சற்றே குவிந்த, கருமை பூசிய சிறு கண்ணாடி. மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, அதில் விழும் மலையை ரசிப்பார்கள். நிறங்கள் மங்கி, விளிம்புகள் மென்மையாகி, பழைய ஓவியம்போலவே தெரியும். செல்ஃபிக்காரர்களைக் கேலி செய்யும் பெரியவர்களுக்கு இந்தத் தகவல் உதவும்.

அதே வை நதிக்கரையில் டின்டர்ன் மடத்தின் இடிபாட்டைப் பார்த்த கில்பினுக்கு ஒரு குறை. அதன் முகட்டுச் சுவர்கள் ரொம்ப ஒழுங்காக நின்றன. யாராவது சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்திச் சிலவற்றை உடைத்தால் நன்றாக இருக்கும் என்று எழுதினார். அதே இடிபாட்டுக்குள் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளையும் பார்த்தார். கால்கள் செயலிழந்த ஒரு பெண் ஊர்ந்து வந்து மடத்தின் நூலகத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்க் காட்டியது தன் ஈரக் குடிலைத்தான் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். அவருக்குக் கண் இல்லாமல் இல்லை, நெஞ்சும் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பெண் ஒரு பத்தி, சுவர் இன்னொரு பத்தி. குவெயின்ட் என்ற சொல்லின் இன்றைய பொருள் இந்த இரண்டு பத்திகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கிராமம் என்றதும் நாள்காட்டியில் வரும் படம் பெரும்பாலும் அங்கே எடுத்ததாகத்தான் இருக்கும். பைபரி என்ற ஊரில் ஆர்லிங்டன் ரோ என்றொரு வீட்டு வரிசை. தேன்நிறக் கல், சாய்ந்த கூரை, முன்னால் ஓடை. 1380 வாக்கில் மடத்துக்கு ஆட்டுரோமக் கிடங்காகக் கட்டியது. 17ஆம் நூற்றாண்டில் அதைத் தடுத்து நெசவாளர் குடியிருப்பாக மாற்றினார்கள். அங்கே நெய்த துணி பக்கத்து ஆர்லிங்டன் ஆலையில் நனைத்து அடிக்கப்பட்டு, எதிரில் இருக்கும் ராக் ஐல் என்ற ஈரநிலத்தில் சட்டங்களில் காயப்போடப்பட்டது. பெயரே அந்தச் சட்டங்களால் வந்ததுதான். அது ஒரு தொழிற்பேட்டை. இன்றைய திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைத் தெருவை யாரும் குவெயின்ட் என்று சொல்லாததைப்போல அன்று அதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நிலக்கரியும் நீராவியும் ஜவுளியை வடக்கே யார்க்‌ஷயருக்கு இழுத்துக்கொண்டு போயின. காட்ஸ்வோல்ட்ஸில் வேலை போயிற்று. இடித்துக் கட்டக் காசில்லாததால் கல்வீடுகள் அப்படியே நின்றன. அதற்கப்புறம் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் வந்து இங்கிலாந்திலேயே அழகான கிராமம் பைபரிதான் என்றார். அந்த வறுமைதான் வீடுகளைக் காப்பாற்றித் தந்தது என்பதைச் சுற்றுலாப் பேருந்தில் இறங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இன்று அந்த வரிசை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம்.

உள்ளூர் ஏழைமேல் பழகிய கண் கடல் தாண்டியபோது சொல்லும் கூடவே போயிற்று. 1899-இல் நியூயார்க்கின் புட்னம் பதிப்பகம் மைக்கேல் மையர்ஸ் ஷூமேக்கர் என்ற அமெரிக்கப் பயணியின் நூலை வெளியிட்டது. தென்னிந்தியா, பர்மா, மணிலா ஆகியவற்றைப் பற்றியது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பண்டைப் பேரரசுகளின் குவெயின்ட் மூலைகள்'. நம் ஊர் ஒரு மூலை. மூலை என்று சொல்ல, நடுக்கூடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். தலைப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பாராட்டுகிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் குவெயின்ட் என்று பாராட்டப்பட்டவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

இதில் அதிகம் மாட்டிக்கொண்ட நாடு ஜப்பான். 1890-இல் அங்கே போய்ச் சேர்ந்து அங்கேயே மணம் முடித்து, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிப்போன லஃப்காடியோ ஹெர்ன், ஜப்பானை உண்மையாகவே நேசித்தவர். அவர் எழுத்தில் குவெயின்ட் மழையாகப் பொழிகிறது: குவெயின்ட் தெரு, குவெயின்ட் கடை, குவெயின்ட் பொம்மை. அவர் அப்படி எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் ஜப்பான் ரயில்பாதை போட்டது, கடற்படை கட்டியது, 1895-இல் சீனாவைத் தோற்கடித்தது. அவர் இறந்த மறுவருடம், 1905-இல், ரஷ்யாவையும். அதன் பிறகு 1906-இல் ஜப்பானிய எழுத்தாளர் ஒகாகுரா ககுசோ தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூலில் மேலைநாட்டாருக்கு ஒரு குத்தல் வருகிறது. ஜப்பான் அமைதியான கலைகளில் மூழ்கியிருந்தபோது அதைக் காட்டுமிராண்டி நாடு என்றீர்கள், மஞ்சூரியப் போர்க்களத்தில் கும்பல் கும்பலாகக் கொல்லத் தொடங்கியதும் நாகரிக நாடு என்கிறீர்கள் என்று. துப்பாக்கி தூக்கியவரை யாரும் குவெயின்ட் என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குள் 'இதனால் எனக்கு ஆபத்தில்லை' என்ற நிம்மதி ஒளிந்திருக்கிறது.

அந்த நிம்மதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் 2002 ஜனவரி 25 தேதியிட்ட ஓர் அமெரிக்க அரசுக் குறிப்பு. ஜனாதிபதி புஷ்ஷின் வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் ஆல்பர்ட்டோ கொன்சாலஸின் பெயரில் போனது. ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவர்களுக்கு, போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஜெனீவா ஒப்பந்தம் பொருந்துமா என்பது கேள்வி. பயங்கரவாதத்துக்கு எதிரான போர் என்பது புதுவகை. அது, கைதிகளை விசாரிப்பதற்கு ஜெனீவா விதிக்கும் கடுமையான வரம்புகளைக் காலாவதியாக்குகிறது, அதன் சில பிரிவுகளைக் 'குவெயின்ட்' ஆக்குகிறது என்றது குறிப்பு. எந்தப் பிரிவுகள்? கைதிகளுக்குக் கேன்டீன், மாதச் சம்பளத்தில் முன்பணம், விளையாட்டு உடை, அறிவியல் கருவிகள் இவற்றைத் தரச்சொல்லும் பிரிவுகள்.

கொன்சாலஸ் ஜெனீவா ஒப்பந்தத்தையே குவெயின்ட் என்று சொல்லிவிட்டார் என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். அது சரியில்லை, சில பிரிவுகளை மட்டும்தான் சொன்னார். ஆனால் வாக்கியத்தின் தந்திரத்தைக் கவனியுங்கள். விசாரணை வரம்புகளுக்குப் போட்ட சொல் 'காலாவதி', கேன்டீனுக்குப் போட்ட சொல் 'குவெயின்ட்'. இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. விளையாட்டு உடை, அறிவியல் கருவி என்று படிக்கிறவருக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக முதல் பாதியும் தாண்டிப்போய்விடும். சித்திரவதைக்கு எதிரான வேலியும் விளையாட்டு டிரவுசரும் ஒரே பரணில் ஏறிவிடுகின்றன.

அந்தப் பிரிவுகள் ஏன் எழுதப்பட்டன என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். போர்க்கைதி என்பவர் ஓரிரு வாரத்தில் வீடு திரும்புகிறவர் இல்லை. இரண்டாம் உலகப்போரில் வருடக்கணக்கில் முள்வேலிக்குள் கிடந்தார்கள். ஜெர்மன் முகாம்களில் இருந்த பிரிட்டிஷ் கைதிகள் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகப் பாடப்புத்தகம் வரவழைத்து, முகாமிலேயே தொழில்முறைத் தேர்வுகள் எழுதித் தேறினார்கள். பைத்தியம் பிடிக்காமல் மனிதனாக வெளியே வருவதற்கான ஏற்பாடுகள் அவை. 1949-இல் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கு அது நேற்று நடந்த விஷயம்.

அந்தக் குறிப்பு 2004 மே மாதம் வெளியே வந்தது. ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை வதைத்த படங்கள் உலகத்தைச் சுற்றிவந்துகொண்டிருந்த நேரம். குவெயின்ட் என்ற சொல் அந்தப் படங்களுக்குப் பக்கத்திலேயே அச்சானது. 2005 ஜனவரியில் கொன்சாலஸ் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு செனட் முன் வந்தபோதும் அது விடாமல் கூடவே வந்தது. சுற்றுலாக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. 'பத்தாம்பசலி' என்றால் பழசு மட்டும்தான், அழகு இல்லை. பசலி என்பது ஜூலை 1-இல் தொடங்கும் நிலவரிக் கணக்காண்டு. அந்தத் தாலுகா கச்சேரிக் காகித வாசனை அந்த வசவில் இன்னும் இருக்கிறது. 'அந்தக் காலத்து' என்று சொன்னால், சொல்லும் குரலைப் பொறுத்து மரியாதையாகவும் இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். 'அந்தக் காலத்து மனுஷன்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது பெரும்பாலும் அவர் நேர்மையைத்தான் சொல்கிறோம். ஓரமாக நின்று ரசிக்கிற தொனிக்கு நமக்கு அவ்வளவாகத் தேவை இருந்ததில்லை. இப்போது ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்குத் தேவைப்படுகிறது. அவர்கள் குவெயின்டையே அப்படியே போட்டுக்கொள்கிறார்கள்.

ஒரே பொருள் இரண்டு அர்த்தத்திலும் குவெயின்டாக இருக்க முடியுமா? நீலகிரி மலை ரயிலைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை அது ஓடத் தொடங்கியதும் 1899-இல்தான், ஷூமேக்கரின் 'மூலைகள்' அச்சான அதே வருடம். ஊட்டிக்கு நீண்டது 1908-இல். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. கல்லாறில் இருந்து குன்னூர் வரையிலான செங்குத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அங்கே தண்டவாளத்துக்கு நடுவே இரண்டு பல்பட்டைகளைப் பக்கத்துப் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி, சற்றே தள்ளி. எஞ்சினுக்கு அடியில் சுழலும் பற்சக்கரம் ஒரு பட்டையை விடுவதற்குள் மற்றதைக் கடித்திருக்கும். பிடி ஒரு நொடிகூட விடாது. சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் யோசித்த முறை அது. சாதாரணச் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பற்சக்கரத்துக்குத் தனியாக இன்னொரு ஜோடி. பெட்டிகளை முன்னால் இருந்து இழுக்காமல் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டி மலையில் உருண்டு போய்விடாது. சாசர் பார்த்திருந்தால் அவருடைய அர்த்தத்தில் இதைக் குவெயின்ட் என்றுதான் எழுதியிருப்பார்.

2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இன்றைய பயணக் கட்டுரைகள் இதைக் குவெயின்ட் பொம்மை ரயில் என்கின்றன. மேலே ஏறக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகிறது. பஸ்ஸில் போனால் பாதி நேரம்கூட ஆகாது. ஜன்னலில் தலையை நீட்டிப் படம் எடுக்கிறவர்கள் சொல்வதில் தப்பில்லை, அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் தேய்ந்துபோனபோது, அவற்றைக் கடையில் வாங்க முடியவில்லை. உலகத்தில் யாரும் செய்வதில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தார்கள். 2011-இல் எண்ணெயில் ஓடும் முதல் புது எஞ்சின் வெளியே வந்தது, தொடர்ந்து இன்னும் மூன்று. 2021-இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து முடித்தார்கள். நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பில் கொதிகலன், சிலிண்டர், பற்சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்து, வார்த்து, கடைந்து, பொருத்தி, மலையேற்றிச் சோதித்தார்கள். அந்தப் பணிமனைக்காரர்களையும் குவெயின்ட் என்று சொல்லலாம். எந்த நூற்றாண்டின் அர்த்தத்தில் என்று மட்டும் கூடவே சொல்லிவிட வேண்டும்.